மூன்றாம் தொட்டிக்கு இட்லி

ஐப்பசி 9, வியாழன்

மூன்றாம் தொட்டியின் ரோகு மீன்கள் மற்றத் தொட்டி மீன்களைவிட வேகமாக வளர்ந்தன. மீன்தூள் கலக்காமல், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை மட்டும் தீவனமாகக் கொடுத்த தொட்டி அது. என் ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது என்று போன வாரம்தான் பேராசிரியரிடம் பீற்றிக்கொண்டேன்.

இன்று காலையில் பார்த்தால், தொட்டிக் கொட்டகையைக் கூட்டும் மாரியக்கா அதே தொட்டியில் இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“மத்ததுக்கெல்லாம் கருவாட்டுத்தூளு, இதுக்கு மட்டும் வெறும் புண்ணாக்கா? பாவமா இருந்துச்சும்மா. தெனம் ஒண்ணே ஒண்ணுதான் போடுதேன்.”

“இனிமே ஒரு துணுக்குகூடப் போடக் கூடாது!” என்று கத்திவிட்டேன். மூன்று மாத உழைப்பு போய்விட்டதே.

நான் இங்கே வந்த நாளிலிருந்து, அவருடைய தூக்குவாளியில் எனக்கும் தினம் இரண்டு இட்லி வரும். இன்று வாளியைத் திறக்கவே இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கூமாப்பட்டி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நடந்ததைப் பேராசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் மூன்று மாதம் இந்த ராஜபாளையம் அறையில், பேச ஆளில்லாமல்.

மீனுக்குத்தானே போடக் கூடாது என்றேன்.