மூடியில் எழுதிய பெயர்

ஓசூர்
9.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மாதேஸ்வரி எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. பழக்கதோஷம். இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நீ கேட்ட டாக்டர் சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன். லீவுக்கு அசல்தான் வேண்டும் என்றாயே, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன். அதில் எழுதாத ஒன்றும் இருக்கிறது. போன வாரம் அதைச் சொல்லத்தான் உனக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நாட்றாம்பாளையத்தில் ராகி முற்றிவிட்டது. நாராயணப்பன் மாமாதான் காவலுக்குப் படுக்கிறார். யானை இரண்டு முறை வந்து ஓரமாக மேய்ந்துவிட்டுப் போனதாம். அம்மாவிடம் ஒரு முறை என்று குறைத்துச் சொல்லியிருக்கிறோம்.

யானைக்குக் கட்டிய வேலிக் கம்பி அம்மாவின் காலில் ஏறியது உனக்குத் தெரியும். சர்க்கரை உள்ள உடம்பு, புண் ஆறவில்லை, அஞ்செட்டி டாக்டர் மாத்திரை கொடுத்தார் என்பது வரை சொல்லியிருக்கிறேன். மாத்திரையோடு, வரப்பில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டுச் செடியின் இலையையும் அரைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும் சொன்னேன். நடுவில் நடந்ததைத்தான் உன்னிடம் மறைத்தேன்.

என் வேலை என்னவென்று நீ சரியாகக் கேட்டதே இல்லை. "செடி வேக வைக்கிற கம்பெனி" என்று கிண்டல் செய்வாய். மூலிகைச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று சோதித்துச் சொல்லும் இடம் அது. ஒரு சின்ன வட்டத் தட்டில் கூழ் ஊற்றி உறைய வைத்து, அதன் மேல் கிருமியைத் தடவுவோம். கூழில் நான்கு குழி போட்டு, ஒன்றில் சாறு, ஒன்றில் தெரிந்த மருந்து என்று ஊற்றுவோம். மறுநாள் எந்தக் குழியைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழுந்திருக்கிறதோ, அதில் இருப்பதுதான் கிருமியைக் கொன்றது.

அக்டோபர் தொடக்கத்தில் ஊருக்குப் போனபோது அம்மாவின் புண்ணைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து வந்தேன். ஒரு கை பூண்டும் பறித்து வந்தேன். ஒரு சனிக்கிழமை, மேனேஜருக்குத் தெரியாமல் தட்டு போட்டேன். ஒரு குழியில் பூண்டுச் சாறு. நேர் எதிர்க் குழியில் அம்மா விழுங்கும் அதே மாத்திரை மருந்து. பெயர்களைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். மூடி சுற்றும், அடி சுற்றாது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான். யுவஸ்ரீ என்ற பெண்ணை இதற்காகவே ஒருநாள் அழவைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு, யாராவது வந்து கேட்டால் மூடியை மட்டும் மாற்றிவிடலாம் என்று நான் மூடியில் எழுதினேன்.

மறுநாள் ஒரே ஒரு வளையம். மூடியில் அதற்கு நேராகப் பூண்டு என்று இருந்தது. மருந்துக் குழியைச் சுற்றி ஒன்றும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை அண்ணா. ஆறு வருடமாக ஊரான் அனுப்பும் செடிகளைச் சோதித்தவள், அம்மா பறித்துக் கட்டிய பூண்டில் வளையத்தைப் பார்த்துவிட்டேன். அங்கிருந்தே போன் செய்தேன். "மாத்திரைக்கு அந்தக் கிருமி மசியலம்மா. உன் பூண்டுக்குத்தான் மசியுது" என்றேன்.

அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் சொன்னது நான்தானே.

மூன்று வாரத்தில் கால் கறுத்து, காய்ச்சலோடு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கும் புண்ணைச் சோதித்தார்கள். அந்த மாத்திரைக்கே கட்டுப்படும் கிருமிதான் என்று வந்தது. அவர்கள்தான் தப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. போய் ஃபிரிட்ஜில் வைத்திருந்த என் தட்டை எடுத்தேன். மருந்துக் குழிக்கு நேராக அடித்தட்டில் சின்னதாக ஒரு கோடு போடுவது என் பழக்கம். அன்றும் கை தானாகப் போட்டிருக்கிறது. வளையம் அந்தக் கோட்டுப் பக்கம் இருந்தது. மூடி அரைச்சுற்று திரும்பியிருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஒரு தட்டு போட்டும் பார்த்தேன். பூண்டைச் சுற்றி ஒன்றுமே இல்லை.

இப்போது எலும்பைத் தொட்டுவிட்டது, இனி மருந்து மட்டும் போதாது என்கிறார் டாக்டர். பாதத்தில் பாதியை எடுத்தால் மீதிக் காலைக் காப்பாற்றலாம், பதினெட்டாம் தேதியைத் தாண்டினால் உயிருக்கே உறுதி இல்லை என்று சொல்லிவிட்டார். அம்மா கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறாள். "என் பொண்ணு தட்டுல வச்சுப் பாத்து வளையம் வந்துச்சு" என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரம்மா அந்தப் பூண்டு எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார்.

அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, கோடு, என் அவசரம், ஒன்றையும் விடவில்லை. கேட்டுவிட்டு என் தலையைத் தடவினாள். "நீ தப்புப் பண்ற ஆளு இல்ல சாமி. காலை எடுக்கணும்னு அவங்க சொல்லிக் குடுத்ததை நீ சொல்ற" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன் மச்சான் ஷிஃப்ட் முடிந்து தினமும் போய்க் கெஞ்சுகிறார். ஒன்றும் நடக்கவில்லை.

சின்ன வயதில் என்னைப் பற்றி நீ எதைச் சொன்னாலும் அம்மா நம்புவாள். மாவைக் கொட்டியது நான், ஆட்டை அவிழ்த்து விட்டது நான் என்று நீ போட்டுக் கொடுக்காத நாள் இல்லை. பாதி பொய். அதற்கெல்லாம் உன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அதை எல்லாம் விட்டுவிடுகிறேன். ஜபல்பூரிலிருந்து எந்த ரயில் கிடைத்தாலும் ஏறி, பதினெட்டுக்கு முன்னால் வந்து சேர். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு மாதேஸ்வரியுடையது என்று ஒரே ஒரு முறை என்னைப் போட்டுக் கொடு அண்ணா. நீ சொன்னால் நம்புவாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை
மாதேஸ்வரி