ஒரு வாய் மெர்லோ

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உனக்குத் தலைவலி ஒன்றும் இல்லையே?

நான் வேலை செய்யும் ஒயின் கடையில் ருசி பார்த்ததும் துப்பிவிட வேண்டும், அதுதான் தொழில். நானும் ஒழுங்காகத்தான் துப்பிக்கொண்டிருந்தேன். நேற்று மெர்லோ என்றொரு சிவப்பு ஒயினை நீட்டிய முதலாளி, "மலிவு சரக்குப்பா, சப்புன்னு இருக்கும். பேருக்கு ருசி பாத்துட்டுத் துப்பிடு" என்றார். மலிவென்றால் மட்டமா? நாவல்பழம்போல லேசாகத் துவர்த்து, பட்டுமாதிரி தொண்டையில் இறங்கியது. ஆமாம், இறங்கியேவிட்டது.

குடிக்க மாட்டேனென்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தவன் நான். சத்தியம் தவறினால் உன் தலைக்கல்லவா கேடு!

தைலம் தீர்ந்துவிட்டது, ஒரு டப்பி அனுப்பு; தேய்த்துவிடத்தான் இங்கே ஆளில்லை. கடை திறக்கிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகன்

பி.கு.: தைலத்தை அனுப்பாதே. கடிதம் கண்டதும் நீயே நெற்றியில் தடவிக்கொள்.