ராணியின் கையில் தடுப்பூசித் தழும்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் சௌக்கியம். போன வாரம் தையல் மெஷின் ஊசி விரலில் லேசாக ஏறிவிட்டது. பயப்படாதீர்கள். சூப்பர்வைசரே, "மூணு நாள் ரூம்ல இரும்மா" என்று அனுப்பிவிட்டார்.

அந்த மூன்று நாளில் ராஜா காலத்துத் தொடர் ஒன்றை முழுசாகப் பார்த்தேன். நீங்களும் அவசியம் பாருங்கள். கோட்டை, யானைப்படை எல்லாம் பிரமாதம். அந்தக் காலத்தில் இல்லாத பொருள் கண்ணில் படுகிறதா என்று நாம் தேடுவோமே, அப்படியே தேடினேன். ராணி கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறாள், புஜத்தில் தடுப்பூசித் தழும்பு! "அப்பா, மாட்டிக்கிட்டா!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி பதறி எழுந்து, "யாருடி?" என்றாள்.

மொத்தம் எட்டுப் பிழை. மற்றதை நீங்களே கண்டுபிடியுங்கள். தோற்றவர்தான் டீ போட வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.

ஒரு போட்டோ அனுப்புங்கள். பழசு வேண்டாம், இப்போது இருக்கிறபடி, கண்ணாடியோடு. நான் இங்கே வேலைக்கு வந்து, உங்களை நேரில் பார்த்து ஆறு வருஷமாகிறதே. நானும் இளைத்துவிட்டேன், முடியையும் வெட்டிவிட்டேன்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. ஒன்பதாவதாக ஒரு பிழையை எழுதி அடித்துவிட்டேன் அப்பா. எதிரிகள் சிறைபிடித்துப் போன மகள் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். அத்தனை கூட்டத்திலும் அவள் அப்பா பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்கிறார்.

அது பிழை இல்லைதானே?

உங்கள் மகள்