தப்பாய்ப் போட்ட தையல்

வல்லக்கோட்டை
23-11-2003

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் அந்த லூதியானா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கவேண்டும். இங்கே நான் சுகம். எப்போதும்போல ‘நாங்கள் சுகம்’ என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை அம்மா. உட்கார்ந்துகொண்டு படி.

போன இரண்டு கடிதத்திலும் அம்மாவுக்குச் சளி, அதனால்தான் போனுக்கு வரவில்லை என்று எழுதினேன், அது பொய். தீபாவளிக்கு மறுநாள் அவளுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது, வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஏழு மாதக்காரியைப் பதறவைக்கக் கூடாதென்று மறைத்தேன், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிருக்குப் பயமில்லையாம், ஆனால் ‘எப்படியாவது பேச வைங்க, இப்படியே வுட்டுட்டா பேச்சு திரும்பாமலே போயிடும்’ என்றார் டாக்டரம்மா. இவளோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். முப்பது வருசமாக அவள் பேச்சை நிறுத்த வழி தேடினவன் நான், இப்போது ஒரு வார்த்தைக்காக வாட்ச்மேன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலடியில் கிடக்கிறேன்.

உன் பிள்ளைக்கென்று தன் பழம்புடவைகளை நாலு அடுக்காகப் போட்டு மெத்தை தைக்க எடுத்து வைத்திருந்தாள். பச்சைப்பிள்ளை உடம்புக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் வேண்டும் என்பாளே. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அதை நான் எடுத்தேன். ஊசியில் நூல் கோர்க்கவே அரைமணி. ஓரத்திலிருந்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு வந்தேன், நடுவில் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. முன் அறையில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரப் பெண் தங்கமாரி, கார் சீட் தைக்கிற லைனில் வேலை செய்கிறவள், பார்த்துவிட்டு ‘அண்ணாச்சி, இது தையலா, ஆட்டுக்கு வேலி போட்டிருக்கியளா’ என்றாள். மறுநாள் கம்பெனிச் சங்கு ஊதியதும் பழக்கதோசத்தில் எழுந்தேன், மெத்தையும் என்னோடு எழுந்தது. மடியில் வைத்துத் தைத்ததில் லுங்கியையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், ‘லு... லுங்கி’ என்று. பத்தொன்பது நாளுக்கப்புறம் அம்மா பேசின முதல் வார்த்தை அது, தாயே. லுங்கி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் நின்று அழுதேன்.

அதிலிருந்து தப்பாய்த் தைத்தால் வாய் திறந்தாள். ‘நடு’ என்றாள், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால்தான் அடுக்கு சுருங்காதாம். முடிச்சை மேலே போட்டபோது ‘குத்தும்’ என்றாள், பிள்ளைக்கு உறுத்தாமல் அதை அடுக்குக்குள் இழுத்து மறைக்கவேண்டுமாம். நூலை இறுக்கினால் ‘இன்னாய்யா’ என்றாள், அப்பாடா, என் பெண்டாட்டி திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆனால் பாழாய்ப்போன கை தையலைக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது தானாகவே நேராக விழுகிறது, சரியாகத் தைத்தால் அவள் பேசுவதில்லை. வேண்டுமென்றே கோணலாகப் போட்டுப் பார்த்தேன், கண்டுபிடித்துவிட்டாள். நிஜமாகத் தப்பு செய்யத்தான் எனக்கு வரும், நடிக்க வரவில்லை. நாலு நாளாக ஒரு வார்த்தை இல்லை, கஞ்சியும் அரை டம்ளரோடு சரி. எனக்கு வேறு வழி தெரியவில்லை வேல்விழி, பயமாக இருக்கிறது.

நீ இந்த நிலையில் ரயிலேற வேண்டாம். டிசம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எப்போதும்போலப் பக்கத்து வீட்டு மரகதம் அக்கா போனுக்குப் போடு. நானும் தங்கமாரியும் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் ரிசீவரைக் காதில் வைக்கிறோம். நீ அழாதே, உடம்பு எப்படி என்றும் கேட்காதே. நானும் ஒரு மெத்தை தைக்கிறேன் என்று சொல். ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன், முடிச்சை மேலே போட்டேன், புதுத்துணியில் தைத்தேன் என்று சொல். எல்லாவற்றையும் தப்பாகச் சொல் தாயே. ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லிவிடாதே.

மெத்தையைப் பார்சலில் அனுப்புவேன். கோணலாக இருக்கும் இடங்களைப் பிரித்துத் தைக்காதே, அங்கேயெல்லாம் அம்மா பேசியிருக்கிறாள். கால் வீங்கினால் தலையணை வைத்துப் படு, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. முருகன் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றுவான். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பத்து மணி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
லுங்கியோடு மெத்தை தைத்த உன் அப்பா,
முனிரத்தினம்