துணிக்கை மாதிரி மூன்று

சித்தாண்டி
18.10.1998

அன்பு மகன் இராசதுரைக்கு,

முருகன் புண்ணியத்தில் நான், அப்பா, தங்கச்சி கண்ணகை மூவரும் சுகம், சுவிசில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடித் தொப்பி போட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பயப்படாதே மனே, காய்ச்சல் ஒன்றுமில்லை, சிரிப்புத்தான். நினைக்க நினைக்கப் பேனை ஆடுகிறது.

தங்கச்சி உயர்தரத்தில் விஞ்ஞானம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றது உனக்குத் தெரியும். நம் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு இல்லை, மட்டக்களப்பு டவுனுக்குத்தான் போகவேண்டும். வழி நெடுக ஆமிச் சென்றி, பஸ்சால் இறக்கி நடக்கவிட்டு அடையாள அட்டை பார்க்கிறார்கள், குமர்ப்பிள்ளையை நான் அனுப்பமாட்டேன், படிப்பு இத்தோடு போதும் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு கதையை விட்டாள். சோறு வேண்டுமென்றாலும் அப்பாவிடம் சொல்வாள், அவர் வந்து என்னிடம் சொல்வார், வீட்டுக்குள்ளே தபால் சேவை. இதற்கிடையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சீதேவி ரீச்சர் ஒரு கண்காட்சி வைத்து, கல்விக் கந்தோர் அதிகாரியை வரச்சொல்லிவிட்டா. அவருக்குப் பிடித்தால் உயர்தர விஞ்ஞான வகுப்பை இங்கேயே தொடங்க அனுமதி தருவாராம். தங்கச்சியின் படிப்பு முழுக்க அந்த ஒரு மனிதரின் வாயில் தொங்கியது.

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் அப்பா வயல் வட்டையால் வந்து சேற்றுக் காலோடு நின்று சொன்னார், புள்ளைக்குத் துணிக்கை மாதிரி வேணுமாம் கா, மூண்டு விதமா, விடியப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கணுமாம் என்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முகம் பாராத பிள்ளை என் தையலைக் கேட்கிறாளே! துணிக் கை என்றால் சட்டைக் கைதானே, மாதிரி என்றால் தைத்துக் காட்டுவதுதானே. உடனே மெஷினில் குந்தினேன். மிச்சத் துணியில் இறுக்கக் கை ஒன்று, தொளதொளவென்று நீளக் கை ஒன்று தைத்தேன். பஃப் கைக்கு அகலத் துணி வேண்டும், கடையும் பூட்டு, நீ விட்டுப்போன நீலச் சட்டை இருந்ததே, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தேனே, அதன் முதுகை வெட்டிவிட்டேன். கோபிக்காதே, சுருக்கு அவ்வளவு அழகாக விழுந்தது.

காலையில் நல்ல சேலை உடுத்து நானே கொண்டுபோனேன். அதிகாரி மேசையடியில் நிற்கிறார். நான் பெருமையோடு மூன்று கையையும் விரித்து வைத்தேன். இது என்னம்மா என்றார். நீங்க கேட்ட துணிக் கை மாதிரி சேர் என்றேன். அந்த நேரம் பார்த்து அப்பா சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு கையில் ஒரு பையோடு சைக்கிளில் பறந்து வந்து, புளியங்கொட்டை கேட்டவள் கா, அத நான் மறந்துத்தன் என்று வாசலிலிருந்தே கத்தினார்! உலகத்தில் எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடியானவற்றால் ஆனதாம், அதற்குப் பெயர் துணிக்கையாம், அவை எப்படி நிற்கின்றன என்று கொட்டையை வைத்துக் காட்டுவதற்குத்தான் மாதிரியாம். நான் கண்டேனா? சீதேவி ரீச்சர் கதிரையில் விழுந்து சிரித்தா. தங்கச்சியின் முகம் செத்துப்போனது. என்னால் பிள்ளையின் படிப்புப் போச்சுதே என்று மூன்று கையையும் அள்ளி எடுக்கப் போனேன்.

ஆனால் அவள் என்னைப் பார்த்தாள், பார்த்து, களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், கைகளின் ஒரு பக்கத்தை முடிந்து கொட்டையைக் கொட்டத் தொடங்கினாள். இறுக்கக் கையில் திணிந்த கொட்டை நின்ற இடத்திலேயே நடுங்குமாம், விலகாதாம், அது திண்மம். நீளக் கையில் பாதிக்குப் போட்டுச் சரித்தாள், ஒன்றையொன்று தொட்டபடியே வழுக்கி ஓடியது, அது திரவம். உன் நீலச் சட்டைக் கையில் நாலைந்தை மட்டும் போட்டுக் குலுக்கினாள், மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்தது, அது வாயு. அதிகாரி அதைப் பறித்துத் தானும் குலுக்கினார், சின்னப் பிள்ளை கெட்டது போ. பத்து வருடம் படிப்பித்தும் இப்படி ஒரு மாதிரி நான் காணல்ல என்றார்.

நேற்று அதிபருக்கு அனுமதி வந்துவிட்டது. தங்கச்சி சென்றி தாண்டவேண்டாம், நம் ஊரிலேயே படிக்கலாம்! ஓடிவந்து, அம்மோய், வகுப்பு கிடச்சித்து என்று என் கழுத்தைக் கட்டினாள். அவள் வாயால் அம்மா என்று கேட்டு எத்தனை நாள், நான் அழுதுவிட்டேன், பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அப்பாவுக்குத்தான் இனித் தபால் வேலை இல்லை.

நீல மாதிரியைப் பள்ளிக்கூட அலுமாரியில் வைத்துவிட்டார்கள், திருப்பித் தரமாட்டார்களாம். அதனால் உனக்குப் புதுச் சட்டை தைக்கப்போகிறேன். குளிருக்குள் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, தனியே திரியாதே, முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். பதில் எழுதும்போது தோளிலிருந்து மணிக்கட்டுவரை கையளவு எடுத்து மறக்காமல் அனுப்பு. நீ போகும்போது இருந்த அளவு எனக்கு மனப்பாடம், இப்போதைய அளவுதான் தெரியாது.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
அன்னப்பூரணி