கல்யாண ஓலை

சேசு மரி சூசை

பினாங்கு,
1931 ஏப்ரல் 29, புதன்

அன்பும் மரியாதையும் உள்ள இராயப்பு அண்ணனுக்கு, தங்கை அக்னஸ் எழுதிக்கொள்வது. தைப்பிங்கில் மழை விட்டதா, உங்கள் முழங்கால் வலி எப்படி என்று தெரிவிக்கவும். இங்கே நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

அண்ணே, உங்கள் மச்சான் எனக்குத் துரோகம் செய்கிறார். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு, இந்த அறுபத்திரண்டு வயதில்.

ஆரம்பம் போன வருஷமே. பாசாருக்கு மீன் வாங்கப் போனவர் உச்சி வெயில் சாய்ந்த பிறகு வெறுங்கையோடு வருவார். கேட்டால், வழி தெரியவில்லையாம். சிறு வயதிலிருந்து நடந்த தெருவில் வழி தெரியாமல் போகுமா? யார் வீட்டில் உட்கார்ந்திருந்தாரோ. பிறகு என் பெயரையே மறந்ததுபோல் நடிக்கத் தொடங்கினார். போன வாரம் சோறு போடும்போது, "நீங்க யாரும்மா? எப்ப ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டார். என்னைக் கிளப்பிவிடத்தான் இந்த நாடகம் என்று எனக்கு விளங்காமல் இல்லை.

பாஸ்கா திருநாள் முடிந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தரம் சவரம். நல்ல கோட்டை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு நூர்ஜான் வந்து, "அண்ணே வெள்ளையடிக்க ஆள் கேக்குறாருலா, புதுப்பொண்ணு வருதாமே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கோவில் பக்கம் தையல் வேலை செய்கிற விதவை டோரதியிடம் நேரே போனேன். அவளாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவளோ சந்தன நிறத்தில் ஒரு பட்டு ரவிக்கையை எடுத்துக் காட்டினாள். இவரே துணி கொடுத்து, அளவும் சொல்லித் தைக்கச் சொன்னாராம். என் முழங்கைக்கு மேல் ஏறாத ரவிக்கை. ஆக டோரதியும் இல்லை, அவளைவிடச் சிறியவள் எவளோ.

அதோடு நிற்கவில்லை. சாமியாரிடம் கல்யாண ஓலையும் கொடுத்துவிட்டாராம், கோவில்பிள்ளை சொன்னார். மூன்று ஞாயிறு பூசையில் பெயர் வாசித்துவிட்டால் முடிந்தது கதை. நான் உயிரோடு இருக்கையில் எப்படி வாசிப்பார்கள்? நான் செத்துவிட்டதாகச் சொன்னாரோ என்னவோ. பிள்ளை குட்டி இல்லாத நான் எங்கே போவேன்? ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்கார்ந்து அவள் பெயரைக் கேட்டுவிட்டு, பிறகு இதைத் தபாலில் போடுகிறேன்.

மே 4, திங்கள்

அண்ணே, நேற்று எந்தப் பெயரும் வாசிக்கவில்லை. பூசை முடிந்ததும் சாமியாரை மறித்துச் சத்தம் போட்டே கேட்டேன். அவர் அந்த ஓலையை என் கையில் கொடுத்தார். உங்கள் மச்சானின் குமாஸ்தாக் கையெழுத்துதான். பெண்: காலஞ்சென்ற பிச்சைமுத்துவின் மகள் அக்னஸ், வயது பதினெட்டு. பொறுப்பாளர்: அண்ணன் இராயப்பு, தைப்பிங்.

அந்த ரவிக்கை என்னுடைய அன்றைய அளவு, அண்ணே.

மூன்று முறை ஓலை கொண்டுவந்தாராம். ஒவ்வொரு முறையும் முதல் தரம் வந்தவர்போலவே பேசினாராம். இது வயதில் வருகிற மூளை நோய், நடிப்பு இல்லை, மருந்தும் இல்லை என்று சாமியார் சொன்னார். இல்லை இல்லை என்று அவரோடு மல்லுக்கட்டாதே, கூடவே இரு என்றார். ஒரு வருஷமாக நான் திட்டிய திட்டையெல்லாம் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, நான் பெண்ணுக்கு அத்தை, கல்யாணம் வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. என் கையால் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று ஓயாமல் கேட்கிறார். அந்தப் பதினெட்டு வயதுக்காரி மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், மறைப்பானேன்.

ஒன்றுதான் அவரை வாட்டுகிறது. தபால்காரர் போகும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி, தைப்பிங்கிலிருந்து சம்மதம் வந்ததா என்று கேட்கிறார். அன்று அவர் என்னைப் பெண் கேட்டபோது நீங்கள் யோசித்து யோசித்து இரண்டு மாதம் கழித்துத்தான் எழுதினீர்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் இப்போது அவர் நிற்கிறார். ஆகவே அவர் பெயருக்கே ஒரு கடிதம் போடுங்கள். சம்மதம் என்று எழுதுங்கள். தங்கையை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதுங்கள். நன்றாகத்தான் வைத்திருந்தார், அதை நான் அவரிடம் சொல்ல வழியில்லை.

இந்த முறை தாமதிக்க வேண்டாம், அண்ணே.

உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்கும் தங்கை,
அக்னஸ்