நாலு இஞ்ச் இறக்கிய வேன்

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. பட்டறைத் தகரத்தில் மூன்று ஒழுக்கு. வாளி இரண்டுதான். மூன்றாவதுக்கு என் சோற்றுத் தூக்கின் மூடி.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நாசர் இக்கா வேனோடு வந்து நின்றார். பழைய பெரிய வேன். பாதி சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நோயாளி ஏற்றுகிறார். செவ்வாய், வியாழன், சனி. மட்டாஞ்சேரியிலிருந்தும் தோப்பும்படிப் பாலத்துக்கு அக்கரையிலிருந்தும் ஐந்து பேர் ரத்தம் சுத்தம் பண்ண எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இவர் வண்டி எடுக்கவில்லை என்றால் அந்த ஐந்து பேரும் வீட்டில்தான்.

"எடா செல்வா, வண்டிய கொஞ்சம் தாழ்த்தித் தா."

"எவ்வளவு? பூமிக்குள்ளயா?"

"நாலு இஞ்ச். தமாஷ் வேண்டா."

"இக்கா, காதலிக்கிற வயசுப் பசங்கதான் வண்டிய இறக்கச் சொல்லி வருவானுங்க. அறுபத்தொண்ணுல நீங்களுமா? வீட்ல இத்தாக்குத் தெரியுமா?"

சிரிக்கவில்லை. மேரி சேச்சிக்காக என்றார்.

மேரி சேச்சி தையல்காரி. சர்க்கரையில் இடது பாதம் போய்விட்டது, பிறகு கிட்னியும். வீல்சேர்தான். வேனின் தரை உயரம். பலகை போட்டால் செங்குத்தாக நிற்கிறது, தள்ள முடியாது. இரண்டு பேர் தூக்கி ஏற்றுகிறார்கள். போன வாரம் ஒருத்தன் கை நழுவி, சேச்சியின் நல்ல கால் படியில் உரசித் தோல் பிய்ந்துவிட்டது. "இனி நான் வரலை, வீட்டுலயே கெடந்து சாகுறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

நாளைக்கே முடித்துத் தருகிறேன் என்றேன்.

கடைவாய்ப் பல் வலி. வீட்டுக்காரி பார்வதி, தான் வேலை பார்க்கிற சுக்குக் கிடங்கிலிருந்து நாலு கிராம்பு கொண்டுவந்தாள்.

ஜூன் 9, திங்கள்

மழை விட்டு விட்டு. நாள் முழுக்க வேன்.

பின்னால், வண்டியைத் தாங்குகிற வில்பட்டை பக்கத்துக்கு ஏழு. இரண்டிரண்டு எடுத்தாயிற்று.
பெரிய பட்டையின் வளைவை அடித்துத் தணித்தேன். சூடு காட்டவில்லை, காட்டினால் இரும்பின் உயிர் போய்விடும்.
முன்னால் பக்கத்துக்கு ஒன்று.
பட்டையை ஆக்சிலோடு கட்டுகிற யூ போல்ட் எட்டும் புதிது.
டயர் எங்கும் உரசவில்லை.

மண்ணிலிருந்து வேன் தரை காலையில் 28 இஞ்ச். சாயங்காலம் 24. டேப்பை மூன்று தரம் வைத்துப் பார்த்தேன். சொன்னது நாலு, இறங்கியது நாலு. ஒரு நூல் பிசகில்லை. என் முதுகை நானே தட்டிக்கொள்ள முடியாது, பார்வதியிடம் தட்டச் சொன்னேன். சம்மட்டி எங்கே என்று கேட்கிறாள்.

பிரேக்காரன் ஜோஷி ஊரில் இல்லை. மச்சினி கல்யாணம். எங்கள் பட்டறை வரிசையில் ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் தொடமாட்டான். பட்டை எனக்கு, பிரேக் ஜோஷிக்கு, தகரம் வேறு ஆளுக்கு. பின் ஆக்சிலில் பிரேக்குக்குப் போகிற கம்பி ஒன்று இடைஞ்சலாக இருந்தது. கழற்றினேன். வேலை முடிந்ததும் பழைய துளையிலேயே மாட்டிவிட்டேன்.

இந்த நோட்டை வீட்டில் வாசிக்க ஆளில்லை. பார்வதிக்கு எழுத்து தெரியாது, பிள்ளைகள் இரண்டுக்கும் மலையாள எழுத்துதான். நானே நாலாங்கிளாஸ். அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மூக்கு பெரிசு.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். அதிசயம்.

காலையில் மேரி சேச்சி ஏறுவதைப் பார்க்கப் போனேன். பலகை போட்டார்கள். நாசர் இக்கா ஒருத்தரே பின்னாலிருந்து தள்ளினார். சாக்கு வண்டி மாதிரி உருண்டு உள்ளே போயிற்று. சேச்சிக்கு முகமெல்லாம் பல்.

"ஆரும் இனி என்னெத் தூக்கண்டா. மூட்டையா நான்?"

"மூட்டைன்னா கூலிக்காரன் கேக்காமலே தூக்குவான் சேச்சி. உங்களைத் தூக்கினவன் பூரா ஒரு வாரம் லீவு."

"போடா பாண்டி" என்று கையிலிருந்த பையால் அடித்தார். நல்ல அடி.

அவர் மகள் லிஸி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பல் வலி குறைவு. மத்தியானம் கப்பக்கிழங்கும் மீனும்.

ஜூன் 12, வியாழன்

மழை. ஊற்றுகிற மழை.

மூன்று மணிக்கு போன். நாசர் இக்கா வேன் தோப்பும்படிப் பாலம் இறங்குகிற இடத்தில் விளக்குக் கம்பத்தில் அடித்துவிட்டது.

ஓடினேன். திரும்பி வருகிற வழி. நாலு பேரை அவரவர் வீட்டில் இறக்கியாயிற்று, கடைசியாக மேரி சேச்சி மட்டும். ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்திருக்கிறது. இக்கா பிரேக்கை மிதித்ததும் வேனின் வால் அப்படியே சுற்றிப் பக்கவாட்டில் போய்க் கம்பத்தில் இடித்திருக்கிறது. வீல்சேரைக் கட்டிய கயிறு அறுந்துபோகவில்லை. சேச்சிதான் சேரிலிருந்து சரிந்து ஜன்னலில் தலை மோதியிருக்கிறது.

நான் போனபோது ஆம்புலன்ஸ் போய்விட்டது. இக்கா ரோட்டு ஓரத்தில், தலையில் யாருடைய துண்டோ. மழையில் துண்டு ரோஸ் நிறமாகிவிட்டது.

"பின் சக்கரம் பிடிச்சுப் போச்சு செல்வா. பிரேக்கை நான் லேசாத்தான் சவுட்டினேன்."

சுற்றி நின்றவர்கள் பேசியது: "வயசானவரு." "என்னா ஸ்பீடு." "கண்ணு தெரியாது போல."

இக்கா அந்தப் பாலத்தில் முப்பதுக்கு மேல் போகிற ஆள் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

தூறல்.

சேச்சி தீவிர சிகிச்சையில். இன்னும் கண் திறக்கவில்லை. இக்கா நெற்றியில் ஐந்து தையல். அஜாக்கிரதையாக ஓட்டினார் என்று போலீஸ் கேஸ். திங்கட்கிழமை வண்டி ஆபீசர் வந்து வேனைச் சோதிப்பாராம், அதுவரை வேன் ஸ்டேஷன் முற்றத்தில்.

சேச்சியின் ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்த பை வேனுக்குள் கிடந்தது. எடுத்துவரச் சொல்லி லிஸி போன் பண்ணினாள். போனேன். பையை எடுத்தேன். நேரே வந்திருக்க வேண்டும்.

என் பட்டை ஒடிந்திருக்கிறதா என்று பார்க்க வேனுக்கு அடியில் படுத்தேன். பட்டை நன்றாக இருந்தது. எல்லா யூ போல்ட்டும் இறுக்கம். சந்தோஷம்கூட வந்தது, ஒரு நொடி. பிறகு அந்தக் கம்பி.

எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். கம்பி ஆக்சிலில் இருந்து மேலே பாடியில் இருக்கிற வால்வுக்குப் போகிறது. வண்டியில் பாரம் ஏற்றினால் பாடி அமுங்கும். அமுங்கினால் கம்பி வால்வைத் தள்ளும். பாரம் இருக்கிறது என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்கு பிரேக்கை முழுசாக விடும். நான் பாடியை நாலு இஞ்ச் இறக்கினேன். கம்பியைக் குறைக்கவில்லை. காலி வண்டியாக இருந்தாலும் நிறைந்த வண்டி என்று நினைத்துத்தான் அந்த வால்வு இருந்திருக்கிறது. ஈர ரோடு. லேசாக மிதித்தாலே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வால் சுற்றும்.

ஜோஷி இருந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பான். அவன் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள் என்று நான் இக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். பிரேக் என் வேலை இல்லை என்பதால் அது என் தலைக்குள்ளேயே வரவில்லை.

இரண்டு நட்டு. பாக்கெட்டில் ஸ்பேனர் இருந்தது. கம்பியைச் சரியான நீளத்துக்கு வைத்துவிட்டால் திங்கட்கிழமை ஆபீசர் பார்க்கும்போது பிரேக்கில் குற்றம் இருக்காது. குற்றம் இக்காவிடம் மட்டும் இருக்கும்.

ஸ்பேனரைப் போட்டேன். அரைச் சுற்று சுற்றினேன்.

"அண்ணாச்சி, எந்தா அவிடெ?" என்று போலீஸ்காரர்.

"பை எடுக்க வந்தேன் சார்."

அரைச் சுற்றைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். யாருக்காகச் சுற்றினேன் என்று எனக்குத் தெரியும். இக்காவுக்காக இல்லை.

பையை லிஸியிடம் கொடுத்தேன். "தேங்க்ஸ் சேட்டா" என்றாள்.

ஜூன் 14, சனி

மேரி சேச்சி காலை ஏழேகாலுக்கு இறந்துவிட்டார்.

பட்டறை திறந்தேன். ஒரு ஆட்டோவுக்கு பட்டை. முடித்தேன். சாப்பிடவில்லை. பல் வலி சுத்தமாகப் போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் அடக்கம். மழை இல்லை, மூட்டம்.

நாசர் இக்கா வந்தார். கல்லறைக்கு அருகில் போகவில்லை, மதில் ஓரத்தில் கட்டுப்போட்ட தலையோடு நின்றார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். எல்லாரும் போகும்போது எங்களைக் கடந்துதான் போனார்கள். லிஸி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த ஒருத்தர், சத்தமாகவே: "கண்ணு காணாத்த கிழவன்மாருக்கு யாரு லைசன்ஸ் குடுக்குறது?"

இக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் சாயாதபடிக்கு நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

சாயங்காலம் பார்வதி: "ஏங்க, மூணு நாளா என்னைக் கிண்டல் பண்ணலை. காய்ச்சலா?" நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சொன்னேன். கம்பி, வால்வு, ஸ்பேனர், எல்லாம். அரிசி களைந்துகொண்டே கேட்டாள். தண்ணீரைக் கொட்டினாள், திரும்ப ஊற்றினாள், திரும்பக் கொட்டினாள். அஞ்சு தடவை களைந்திருப்பாள்.

"யாருக்காவது தெரியுமா?"

"உனக்குத்தான்."

"எனக்கு வேண்டாம். கொண்டுபோய் இக்காகிட்ட குடுங்க."

"உள்ள போட்டுட்டாங்கன்னா?"

"அதை நான் கேக்கலை."

"பிள்ளைங்க ரெண்டு."

"அதுங்களையும் நான் கேக்கலை. இன்னைக்கு அவரு பக்கத்துல போய் நின்னீங்களா இல்லையா?"

சோறு குழைந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

விடாத மழை. ஆபீசர் பதினோரு மணிக்கு வருவார் என்றார்கள். நான் ஒன்பதுக்கு இக்கா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனுக்குப் போகத் தயார். லைசன்சை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"கொடுத்துட்டு வந்துரலாம்னு இருக்கேன் செல்வா. ஓட்டினது போதும். மகனும் அதான் பறயுறான்."

சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. கம்பி எப்படித் தள்ளும் என்று கையால் காட்டினேன். அவர் என் கையையே பார்த்தார்.

உள்ளே இத்தா மிக்சி ஓட்டும் சத்தம். அது நின்ற பிறகு:

"நான் லேசாத்தான் சவுட்டினேன்."

"ஆமா இக்கா."

"நாலு நாளா என் காலை நானே நம்பலை. பாத்ரூம் போறப்பகூட, இது சரியா மிதிக்குதான்னு பாத்துட்டு இருந்தேன்."

"ஆமா."

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"வெள்ளிக்கிழமை."

விரல் விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு.

"நேத்து என் பக்கத்துல நின்னே. அந்த ஆள் சொன்னதை நீயும் கேட்டே."

"கேட்டேன்."

"ஒரு வாக்கு சொல்லலை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். எழுந்து குடையை எடுத்தார். ஒரே குடை. என்னைக் கூப்பிடவில்லை. நான் நனைந்துகொண்டு பத்தடி பின்னால் போனேன்.

ஆபீசர் சின்ன வயசு, மலையாளி. வேனுக்குள் ஏறி பிரேக்கை மிதித்தார், இறங்கினார், "பிரேக் ஓகே" என்று எழுதப் போனார். சார், அடியில் பாருங்கள் என்றேன். நீ யார் என்றார். பட்டைக்காரன் என்றேன். மழைத் தண்ணீர் ஓடுகிற முற்றத்தில் நான் முதலில் படுத்தேன், அவர் ஒரு அட்டையைப் போட்டுப் பக்கத்தில் படுத்தார். கம்பியைக் காட்டினேன். அரைச் சுற்று சுற்றித் திரும்ப வைத்ததையும் சொன்னேன். அப்போதுதான் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இது சொன்னால் உனக்கு என்ன ஆகும்னு அறியாமோ?"

"முழுசா அறியாது சார்."

போட்டோ எடுத்தார். நீளம் அளந்தார். வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். மலையாளம் பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம், ஒரு மணி நேரம். என் பெயரில் கேஸ் வரும், கூப்பிடும்போது வர வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார்கள்.

இக்காவின் லைசன்சை வாங்கவில்லை. அவர் கவரைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். நின்றார். திரும்பாமலே சொன்னார்:

"லிஸிக்கு போலீஸ்காரன் சொல்லித் தெரியக் கூடாது. நீ போ."

ஜூன் 17, செவ்வாய்

வெயிலும் தூறலும் சேர்ந்து.

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாலு பேர் இரண்டு ஆட்டோவில் போனார்கள் என்று கேள்வி. ஜோஷி ஊரிலிருந்து வந்துவிட்டான். பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தான், உள்ளே வராமல் போய்விட்டான். தெரிந்திருக்கும்.

பத்து மணிக்கு லிஸி வீடு. பார்வதி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

லிஸி கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். தையல் மெஷினை மூடி மூலையில் தள்ளியிருந்தது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் நடந்துவந்ததில் எனக்குத் தாகம்.

"சேட்டன் வந்தது நல்லது" என்றாள். "வியாழக்கிழமை காலையிலகூட அம்மச்சி உங்களைப் பத்திதான் பறஞ்சு. ஒரு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக அடம் பிடிக்காமப் போனாங்க. அந்தக் கிழவன் மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தா."

இக்கா ஒழுங்காகத்தான் ஓட்டினார் என்று தொடங்கினேன். முடிவுவரை சொன்னேன்.

முடித்ததும் எழுந்து வந்து என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள். பாதிதான் குடித்திருந்தேன்.